முனியாண்டி அண்ணன் மாட்டிய செயின்

இன்று தானா ராத்தா மலைநகரப் பஸ் ஸ்டேஷனில் முனியாண்டி அண்ணனைப் பார்த்தேன். எண்பதுகளில் எங்கள் எஸ்டேட் குடியிருப்பான லயத்தில் எல்லார் காரையும் ரிப்பேர் செய்தவர்.

அப்போது தாப்பா மலைப்பாதையில் எங்கள் எஸ்டேட் ஆபீஸ் எழுத்தரான கிராணியின் காரில், எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட் அறுந்து எஞ்சினே போய்விட்டது. பயந்துபோன நான், என் காரில் பெல்ட்டை எடுத்துவிட்டு அறுபடாத இரும்புச் செயின் மாட்டச் சொல்லி அண்ணனை ஒரு மாதம் நச்சரித்தேன்.

மாட்டிக் கொடுத்தார். "செயின்னா சத்தம் போடும் தம்பி, பயப்படாதே" என்றார்.

தினமும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சலசலப்பு கேட்கும். "செயின் லா!" என்று லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

இன்று அந்தச் செயின் பேச்சை எடுத்ததும் அண்ணன் தேநீரை உறிஞ்சியபடி சிரித்தார்.

"செயினாவது ஒண்ணாவது! அந்த எஞ்சின்ல அதுக்கு இடமே இல்ல லா. சொன்னா நீ கேக்கவா போற? சத்தத்துக்கு ஒரு தகரத்தோட போல்ட்டைக் கொஞ்சம் லூஸாக்கி வெச்சேன். நீ ஆயில் மாத்த வுடுறப்ப, காலம் பார்த்து பெல்ட்டையும் மாத்திருவேன்."

அந்தக் கார் ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. மனிதரைத் திட்டக்கூட வழியில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"தெரியுமே. ஒரு தடவ சத்தம் நின்னுபோயி, உங்க மூஞ்சி தொங்கிப்போச்சு. நான்தான் அண்ணன்கிட்ட சொல்லி மறுபடியும் லூஸாக்க வெச்சேன்."

அந்த லயத்துக்காரர்கள் பலர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். இது முன்பே தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்.

கிராணி, முதலில் நீங்கள்.