ஈரோட்டு இடக்கைக்காரர்

கோட்டைமேட்டில் பூட்டுக்கடை வைத்திருந்த ஜபருல்லாவுக்கு இடக்கைப் பழக்கம். இடக்கைக்கென்று செய்த பேஸ் கிட்டார் தொண்ணூறுகளின் கோவையில் எந்தக் கடையிலும் கிட்டாமையால், வலக்கைக்கான பேஸ் கிட்டாரையே திருப்பிப் பிடித்து, தந்திகளை இடம் மாற்றிக் கட்டி வாசித்தார். ஞாயிறுதோறும் கிட்டார்களை வாங்கவும் விற்கவும் கூடிய நண்பர்களுக்கு அது தீராத வேடிக்கை.

“ஏனுங்க பாய், ஈரோட்டுல உங்களாட்ட ஒரு பீச்சாங்கைக்காரரு இருக்காருங்க. அசல் இடக்கைக் கிட்டார விக்கறாராமா. போனா ரெண்டு பேரும் சேர்ந்தே வாசிக்கலாமுங்க,” என்றான் பொங்கியண்ணன்.

ஜபருல்லா தம் கிட்டாரை அவனுக்கே விற்று, அப்பணத்தோடு பேருந்து ஏறினார். அவன் சொன்ன முகவரியில் இருந்தது மஞ்சள் கிடங்கு. இடக்கைக்காரர் எவரையும் அங்கே யாரும் அறிந்திலர்.

அடுத்த ஞாயிறு அவரைக் கண்டதும் அனைவரும் கொல்லென்று சிரித்தனர். பொங்கியண்ணன் மடியில் அவருடைய கிட்டார், வலக்கைக்குத் தந்தி மாற்றப்பட்டுக் கிடந்தது.

“வித்தது வித்ததுதானுங்க பாய்,” என்றான்.

ஜபருல்லா சினக்கவில்லை. “அப்ப, என்னையாட்ட வாசிக்கறவரு அங்க ஒருத்தருமே இல்லீங்களா?” என்று கேட்டார்.

அதற்குத்தான் அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.