கூடத்துக் கடலில் முளைத்த பாசி

ஆரணியிலிருந்து கடலைப் பார்க்கப் போனால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். அந்தச் சிரமம் எதற்கு என்று என் கணவர் கடலையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பட்டுப் புடவை கொடுக்கச் சென்னைக்குப் போன இடத்தில், ஒரு கடையில் உப்புநீர் மீன்தொட்டி இருந்ததாம். அடுத்த மாதமே எங்கள் கூடத்தில் இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, கடலில் கரைந்து ஓட்டையான சில ஊதா நிறக் கற்கள், வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள். பராமரிப்பு ரொம்பச் சுலபம் என்றார். சுலபமான வேலைகள் எல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கு வந்து சேரும் என்பது எனக்குத் தெரியும்.

தொட்டிக்குப் பக்கத்தில்தான் என் மேஜை. புடவை பார்டருக்கான டிசைன்களைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவது என் தொழில். நான் ஒரு மயில் முடிப்பதற்குள் கற்களின் மேல் பழுப்பாக ஏதோ படிந்தது. ஒரு யானை வரிசை முடிப்பதற்குள் அது பச்சையாகி, முடி முடியாக வளர்ந்து ஆட ஆரம்பித்தது. சிறிது நாளில், நட்டு வைத்த என் ரோஜாச் செடி பிழைக்காத வீட்டில், நடாத பாசி செழித்து நின்றது.

"இயற்கையா இருக்குது இல்ல?" என்றார் கணவர்.

"ரொம்ப. மீன் எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

அவர் சென்னையிலிருந்து பாசி தின்னும் நத்தைகள் ஆறு வரவழைத்தார். அவை பாவம், வந்த நாளிலிருந்து ராத்திரி பகல் பார்க்காமல் மேய்ந்தன. எங்கள் வீட்டில் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்த ஜீவன்கள் அவை மட்டும்தான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவர், "இது லேட்டாவுது, ஜல்தியா ஒரு வழி பண்றேன்" என்று வேலூருக்குப் போய், குளத்து மீன் விற்கும் கடையில் பாசி மருந்து ஒன்று வாங்கி வந்தார். நீல நிறம். பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. முன்னால் பெரிய எழுத்தில் இருந்ததை மட்டும் படித்துவிட்டு இரண்டு மூடி ஊற்றினார்.

மறுநாள் காலை ஆறு நத்தைகளும் கவிழ்ந்து கிடந்தன. பொடி எழுத்தை அப்போதுதான் படித்தோம். அதில் செம்பு உப்பு இருக்கிறது, நத்தைக்கு அது விஷம், கல்லில் ஊறினால் மாதக்கணக்கில் போகாது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாசிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கணவர் தன் புடவைக் கடைக்குக் கிளம்பிவிட்டார். நத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்தவர் என் மாமனார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கும் திரும்ப ஆரணிக்கும் ஓட்டியே தலை நரைத்தவர். வீட்டில் யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அன்று கையில் ஈரமான நத்தைக்கூட்டை வைத்துக்கொண்டு, "நம்மள நம்பி வந்துதும்மா" என்றார்.

அதன் பிறகுதான் நான் விசாரணையில் இறங்கினேன். இணையத்தில் படித்ததில் ஒரு விஷயம் விளங்கியது: பாசி தானாக வராது, நாம் போடும் சாப்பாட்டுக்குத்தான் வரும். தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி வாங்கிப் பார்த்தேன். பாசிக்குச் சாப்பாடான நைட்ரேட்டைக் காட்டும் சிவப்பு நிறம், பார்டருக்கு எடுக்கலாம் போல அவ்வளவு அழுத்தமாக வந்தது.

முதல் குற்றவாளி கணவர். வற்றிய தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அது மெதுவாக வருகிறதென்று, நைட்ரேட்டோடு வரும் போர் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டாமவர் மாமனார். ஒரு சாயங்காலம் டீ டம்ளரோடு தொட்டி முன்னால் நின்று, மீன் தீனி டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, காலையில நான் போட்டுட்டேனே?"

"நான் டீ குடிச்சிகினு இருக்கறன், அதுங்க வாயப் பாத்துகினு இருக்குது. எதிர்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் குடுக்காம எப்படிம்மா குடிக்கறது?"

"ஒரு நாளைக்கு எத்தன டீ?"

"அஞ்சு" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆறு."

தீர்ப்பு சொல்லத் தயாராக இருந்தவளை மூன்றாவது குற்றவாளி தடுத்தாள். விளக்கு ஆறேழு மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று படித்தேன். எங்கள் தொட்டி விளக்கு காலையில் எட்டு மணிக்கு எரிய ஆரம்பித்தால் நான் கம்ப்யூட்டரை மூடும்வரை எரியும். அந்த நீல வெளிச்சம் பக்கத்தில் இருந்தால் எனக்குக் கை ஓடும். போதாக்குறைக்கு, நூலின் நிறத்தைத் திரையோடு ஒப்பிட வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னல் திரைச்சீலையையும் நானே கழற்றி வைத்திருந்தேன். ஊரையெல்லாம் விசாரித்த நானே பாசிக்கு வெயிலையும் சேர்த்து ஊட்டியிருக்கிறேன். இதை நான் கணவரிடம் உடனே சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துச் சொன்னேன். "ஓஹோ" என்றார். அந்த ஒரு வார்த்தையை அதற்குப் பின் வாரம் முழுக்கச் சொன்னார்.

விளக்குக்கு டைமர் வைத்தோம். திரைச்சீலை திரும்பியது. தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை. டப்பா மாமனாரிடமே இருக்கட்டும் என்றேன்; பிடுங்கி வைக்க மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் அவர் கல்லைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பார். பிய்ந்து மிதக்கும் பாசியை நான் ரப்பர் குழாயால் பக்கெட்டுக்கு உறிஞ்சுவேன். பிறகு ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்து ஊற்றுவோம். முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. "மருந்தே பரவாயில்ல" என்று கணவர் சோபாவில் இருந்தபடி ஆலோசனை வழங்கினார்.

"நீ அந்தப் பக்கமே வராத. ஒரே பேஜார்" என்றார் மாமனார், தலையைத் திருப்பாமலே.

மூன்றாவது மாதம் கல்லின் ஊதா நிறம் தெரிந்தது. பின்மூலையில் ஒரு கைப்பிடிப் பாசி மட்டும் எதற்கும் மசியவில்லை. இரண்டு மீன்களும் அதற்குள்தான் போய்ப் படுக்கின்றன. அதை விட்டுவிடலாம் என்று மாமனார் சொன்னார், விட்டுவிட்டோம். தேய்க்கும்போது இப்போதெல்லாம் அவர் பேசுகிறார். எந்தத் திருப்பத்தில் யார் கைகாட்டி ஏறுவார்கள், மழையில் எந்தப் பாலத்தில் வண்டி நின்றது என்று. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான் கேட்காத கதைகள். சில கதைகள் மூன்றாவது முறையாக வருகின்றன. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் மாமா?" என்று கேட்கிறேன்.