பாக்கி வைத்த மன்னிப்பு

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள், இரவல் வாங்கிய எதுவும் எங்கள் சபையார் வீட்டில் தங்கக் கூடாது. முறம், உலக்கை, கயிறு, எல்லாம் உடையவர் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். பொருளோடு மனக்கசப்பும் தீர வேண்டும். ஒவ்வொருவரும் வீடு வீடாகப் போய், "என் மேல கொறை இருந்தா மன்னிச்சிடுங்க" என்று கேட்பார்கள். எதிரில் இருப்பவர் வாய் திறந்து "மன்னிச்சேன்" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. இதற்கு ஒப்புரவு என்று பெயர். கர்த்தர் எந்த நிமிஷமும் வந்து தம்முடையவர்களை உயிரோடு மேலே எடுத்துக்கொள்வார், ஒரே ஒருவருடைய மன்னிப்பு பாக்கி இருந்தாலும் இங்கேயே கைவிடப்படுவோம் என்று போதித்திருந்தார்கள். நான் அதை நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் நான் செய்தது எவ்வளவு பெரிது என்று புரியும்.

கடம்பத்தூருக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டின ஊர் எங்களுடையது. நைனா பாதையில் ஜல்லி அடிக்கிற கூலி. சபையில் சேர்ந்த நாளில் சாராயத்தை விட்டவர், அந்த நன்றிக்காகப் பாஸ்டரம்மா நில் என்றால் நிற்பார், உட்கார் என்றால் உட்காருவார். பாஸ்டர் ஐயா வாரமெல்லாம் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்விடுவதால் சபை பாஸ்டரம்மாவின் கையில் இருந்தது. அவளுக்கு எழுத்து தெரியாது. தினம் சாயங்காலம் நான் வேதத்தை வாசிப்பேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தனக்கே வெளிப்பட்டதைப் போலப் பிரசங்கிப்பாள். என் கண்ணைக் கொண்டுதான் அந்த ஓலைக் கொட்டகை வேதம் வாசித்தது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. எங்கள் வீட்டில் பெருவிரலில் மை தடவாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான்.

அவளை அவள் என்றுதான் எழுதுகிறேன். மரியாதை வரவில்லை.

என் பள்ளிக்கூடத் தாவணி நீலம். சபையில் வெள்ளை தவிர வேறு நிறம் கிடையாது. திருவள்ளூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கும்போதெல்லாம் கேட்பாள்: "இன்னா பாப்பா, பள்ளிக்கூட நேரத்துல கர்த்தர் வந்தா இந்த ஊதாத் துணியோடவா மேல போவ?"

பதினோராம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரத்தில், வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து, கர்த்தருடைய வருகைக்காக மூன்று நாள் காத்திருப்புக் கூட்டம் வைத்தார். அதற்காகப் பாஸ்டர் ஐயாவும் ஊரிலேயே இருந்தார். மூன்றாம் நாள் ஒருவரும் வேலைக்குப் போகக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, கொட்டகையை விட்டு நகரக் கூடாது. அன்றுதான் எனக்குக் கணக்குப் பரீட்சை. முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். "பாக்கலாம்" என்றிருந்தாள்.

காலையில் பேனாவும் அளவுகோலுமாக நான் புறப்பட்டபோது அவள் நைனாவைப் பார்த்துச் சொன்னாள்: "பிரதர், கர்த்தர் இன்னிக்கு வந்தா உங்க பொண்ணு எங்க இருக்கும்? பெஞ்சி மேல கூட்டல் போட்டுக்கினு இருக்கும்." நைனா என் கையிலிருந்த ஹால் டிக்கெட்டைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தார். அவள் அதைத் தன் பாய்க்கு அடியில் செருகி, மேலே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் என் ரயில் போகிற சத்தம் கேட்டது. கொட்டகை அதிர்ந்தது.

"போவட்டும் பாப்பா" என்று சிரித்தாள். "நம்ம ரயிலு மேலேர்ந்து வரும்."

எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நைனாவும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல வந்தாள். முறத்தைத் திருப்பிக் கொடுக்கிற குரலில், "என் மேல கொறை இருந்தா மன்னிச்சிடு பாப்பா" என்றாள். நான் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினேன்.

"வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"கொறை இருக்குது. மன்னிக்கல."

அம்மா கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டாள். பாஸ்டரம்மா முதலில் சிரித்தாள். "பிடிவாதம் புடிச்சா நீதான் கைவிடப்படுவ."

"நான் மட்டுமா?" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் வாசிக்கும்போது பகுதியை நானே எடுத்தேன். காணிக்கை செலுத்த வந்தவன், தன் மேல் ஒருவனுக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்கிற இடம். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். "இன்னொரு தரம் படிக்கட்டுமாம்மா?" என்று கேட்டு இன்னொரு தரமும் வாசித்தேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதல்முறையாகப் பயம் இருந்தது.

ஒப்புரவாகாதவர்கள் கர்த்தருடைய பந்தியில் கை வைக்கக் கூடாது. அதற்கடுத்த பந்தியில் அப்பமும் திராட்சரசப் பாத்திரமும் அவளிடம் வந்தபோது, தொடாமல் அடுத்த ஆளிடம் நகர்த்தினாள். நானும் தொடவில்லை. சபை முழுவதும் பார்த்தது. பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

பரீட்சை முடிவு வந்த பேப்பரில் என் எண் இல்லை. பேப்பரை மடித்து அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அவளால் படிக்க முடியாது என்று தெரியும். கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று வைத்தேன்.

வாராவாரம் வந்தாள். ஒரு சனிக்கிழமை பலாச்சுளை கொண்டுவந்தாள். மாட்டுக்குப் போட்டேன். ஒரு சனிக்கிழமை பாஸ்டர் ஐயாவையே அனுப்பினாள். "மன்னிக்கிறதுதானே தேவனுடைய பிள்ளைக்கு அழகு?" என்றார்.

"என் ஹால் டிக்கெட்டு பாய்க்கு அடியில இருந்தப்போ நீங்க முன்வரிசையில கண்ண மூடிக்கினு இருந்தீங்களே ஐயா" என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா என்னை அடித்தாள். அடித்துவிட்டு அவளே அழுதாள். "அவர் வந்தா நாங்க எல்லாம் போயிடுவோம்டி. நீ தனியா இன்னா பண்ணுவ?"

"தனியா இல்லம்மா. பாஸ்டரம்மா இருப்பாங்க."

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். நண்பகலில் என்னைத் தண்ணீருக்கு அனுப்பினார்கள். குடத்தோடு திரும்பினபோது கொட்டகையில் சத்தமே இல்லை. வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே பாய்களின் மேல் வேதப் புத்தகங்கள் திறந்தபடி கிடந்தன. கஞ்சிரா கவிழ்ந்திருந்தது. ஒரு குழந்தையின் பால் புட்டி உருண்டு கிடந்தது. ஆள் ஒருவரும் இல்லை.

மறுபக்கத்து வாசலில், பின்னால் இருந்த தன் வீட்டிலிருந்து வந்த பாஸ்டரம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளும் செருப்புகளைப் பார்த்தாள். பால் புட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எனக்கும் அதே நினைப்புதான் வந்தது. அம்மா போய்விட்டாள், நைனா போய்விட்டார். ஆனால் நெஞ்சில் முதலில் எழுந்தது பயமில்லை. அவள் முகத்தைப் பார்த்த திருப்தி. வெள்ளைப் புடவையோடு, என் நீலத் தாவணியைக் கேலி செய்த வாயோடு, அவளும் இங்கேயேதான் நிற்கிறாள்.

"போயிட்டாங்களா?" என்றாள்.

"ரயிலு போயிடுச்சும்மா" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "உன் டிக்கெட்ட வச்சிக்கினு உக்காந்தேனே, பாவி நான்! பொறாமைடி பாப்பா. நீ படிச்சிட்டுப் போயிட்டா எனக்கு யார் படிச்சிக் காட்டுவா? அதான். கர்த்தருக்காக இல்ல. இப்பவாவது சொல்லுடி, ஒருவேளை திரும்பிப் பாப்பாரு..."

சொல்லியிருக்கலாம். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வயல் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. சேறும் சகதியுமாக, வெறுங்காலோடு, கையில் கயிறுகளோடு சபை திரும்பி வந்தது. சபைக்காரர் ஒருவருடைய எருமை கிணற்றில் விழுந்துவிட்டதாம். போட்டது போட்டபடி எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். "தூக்கிட்டோம்!" என்று நைனா பெருமையாகச் சொன்னார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

பாஸ்டரம்மா எழுந்திருக்கவில்லை. நான் குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "அக்டோபர்ல திரும்பக் கணக்குப் பரீட்சை இருக்குது. இப்ப அழுதுக்கினே சொன்னீங்களே, அத நைனாகிட்ட எல்லாருக்கும் எதிர்ல சொல்லணும். பரீட்சைக்கு நீங்களே என்னைக் கூட்டிக்கினு போவணும். அப்புறம் பாக்கலாம்."

பாக்கலாம் என்பது அவளுடைய சொல்தான். திருப்பிக் கொடுத்தேன்.

சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, சபை நடுவில், பொறாமை என்கிற வார்த்தையை விழுங்காமல் சொன்னாள். அக்டோபர் பரீட்சைக்கான விண்ணப்பத்தில் நைனா பெருவிரலை அழுத்தினார். அவரோடு நான் ஒப்புரவானது அன்றுதான்.

பரீட்சை நாளில் அவள் என்னோடு ரயிலேறினாள். சபைக்கு வெளியே இருக்கிற உலகத்தாரோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு புங்க மரத்தடியில் உட்காரவைத்தேன். எதிரே டீக்கடைக்காரர், "இன்னாம்மா, நீயும் எழுதப் போறியா? சிலேட்டு எடுத்தாந்தியா?" என்று கேட்க, கடையே சிரித்தது. அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். எல்லாக் கணக்கையும் அரைமணி முன்பே முடித்துவிட்டேன். ஆனாலும் கடைசி மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மர நிழல் நகர்ந்துபோய் அவள் வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது பிளாட்பாரத்தில் கேட்டாள்: "இப்ப சொல்லு பாப்பா."

"ரிசல்ட்டு வரட்டும்."

"நடுவுல அவர் வந்துட்டா?"

"ரெண்டு பேரும் இருப்போம். ரயிலு வருது, ஏறுங்க."

முடிவு வந்தது. தேறியிருந்தேன். அந்தச் சனிக்கிழமை அவள் கேட்பதற்கு முன்பே "மன்னிச்சேன்" என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். மறுநாள் பந்தியில் அப்பத்தை வாங்கிச் சாப்பிட்டாள். அன்றுமுதல் நன்றாகத் தூங்குகிறாள் என்று அம்மா சொல்கிறாள்.

இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருக்கிறேன். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். சனிக்கிழமைகளில் ஊருக்கு வந்தால் முறத்தையும் உலக்கையையும் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மறுநாள் பந்தியில் பாத்திரம் என்னிடம் வரும்போது உதட்டை நனைக்கிற மாதிரி காட்டி அடுத்தவரிடம் நகர்த்திவிடுவேன். யாரும் கவனித்ததில்லை. மன்னிச்சேன் என்று நான் சொன்னது வெறும் வாய்ச்சொல் என்று வரப்போகிறவருக்குத் தெரியும். பாஸ்டரம்மா மேலே போய்விடுவாள், நான் இங்கே நின்றுவிடுவேன். அது தெரிந்தும், அந்த ரயில் சத்தம் இன்னும் காதில் இருக்கிறவரை, உள்ளே இருந்து அந்தச் சொல் வருவதாக இல்லை.