றோஸ்மலர் கொடுத்த இறந்தோர் பட்டியல்

மன்னாரில் பிறந்து, லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் முப்பது வருசம் குடியிருந்து, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற றோஸ்மலரைப் பற்றி யார் எழுதினாலும் அவளுடைய பக்தியைத்தான் முதலில் எழுதுவார்கள். எனக்கு அவளால் பட்ட கரைச்சல்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

நவம்பர் கத்தோலிக்கர்களான எங்களுக்கு இறந்த ஆன்மாக்களின் மாதம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கும். தமிழ்ப் பூசையில் சுவாமி அவற்றை வாசித்து மன்றாடுவார். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்வது பதினாறு வருசமாக என் தலையில் கட்டிவிடப்பட்ட வேலை. உயிரோடிருக்கும் மாமியாரின் பெயரைத் தந்த மகராசியும் எங்கள் பங்கில் உண்டு. அதையெல்லாம் கண்டுபிடித்து வெட்டுவதும் நான்தான்.

போன வருசம் றோஸ்மலர் தந்த தாளில் ஏழு பெயர்கள் இருந்தன. முதலாவது கிம் டோங் சிக். இரண்டாவது பார்க் மி சூக். மற்ற ஐந்தும் அதே மாதிரிப் பெயர்கள்தான். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"றோஸ்மலர், உவையள் ஆர்?"

"நாடகத்திலை செத்த ஆக்கள், அண்ணை."

அந்த வருசம் மார்ச்சில் அவள் கணவன் அருட்பிரகாசம் மாரடைப்பில் போய்விட்டான். அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மகள் பிறேமினி பயந்துபோய், எதையாவது பார்க்கட்டும் என்று தொலைக்காட்சியில் ஒரு கொரிய நாடகத்தைப் போட்டுவிட்டாள். கீழே ஓடும் ஆங்கிலத்தை வரிக்கு வரி நிறுத்தி வாசித்து, ஒரு பகுதியை மூன்று மணித்தியாலம் பார்ப்பாளாம் றோஸ்மலர். கதை இதுதான்: செத்தவர்கள் எல்லோரும் ஒரு பெரிய மண்டபத்தில் கதிரைகளில் காத்திருப்பார்கள். பூமியில் யாராவது அவர்களுக்காகச் செபித்தால், கறுப்புக் கோட்டுப் போட்ட அதிகாரி அவர்களுடைய பெயரைக் கூப்பிடுவார். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும்.

"இந்த ஏழு பேருக்கும் செபிக்க ஒருத்தரும் இல்லை, அண்ணை. எப்ப பெயர் கூப்பிடுவினம் எண்டு கதவையே பாத்துக்கொண்டு இருக்கினம். பாவங்கள்."

"விசரே உமக்கு? நடிச்சவை எல்லாரும் உயிரோடை இருக்கினம். சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டை போயிருப்பினம்."

"ஓம், நடிச்சவை உயிரோடை இருக்கினம். செத்தவை செத்தவைதானே?"

தாளைக் கொண்டுபோய்ச் சுவாமியிடம் காட்டினேன். கிழித்துப் போடுவார் என்று நம்பித்தான் போனேன். அவர் வாசித்து முகம் வாடி, "மி சூக்கும் செத்திட்டாவே? நான் இப்பதான் ஆறாவது பகுதி பாக்கிறன். கதையைச் சொல்லிப்போட்டீரே, றெஜினோல்ட்" என்று என்னைக் கோபித்தார். பிறகு, "போடும். ஆண்டவருக்கு ஆளைத் தெரியும்" என்றார்.

தட்டச்சு செய்யும்போதுதான் கவனித்தேன். ஏழு கொரியர்களுக்கு இடம் இருந்தது, அருட்பிரகாசத்துக்கு இல்லை. லண்டனுக்கு வந்த புதிதில் நானும் அவனும் ஒரே அறையில், ஒரே போர்வைக்குள் கிடந்தவர்கள். அவன் செத்தபின் வருகிற முதல் நவம்பர் அது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. எட்டாவதாக, முழுப் பட்டியலுக்கும் கடைசியாக, அவன் பெயரை நானே போட்டேன்.

ஞாயிறு பூசையில் சுவாமி பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். நான் கடைசி வாங்கில் இருந்த றோஸ்மலரிடம் குனிந்து, "மனுசன்ரை பேரை மறந்திட்டீர். நான் போட்டிட்டன்" என்று நல்ல பிள்ளைபோலச் சொன்னேன்.

அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நான் மறக்கேல்லை, அண்ணை. வேணுமெண்டுதான் விட்டனான். பேரைக் கூப்பிட்டா அவர் எழும்பிப் போகவேணும். கதவைத் தாண்டினா இங்கை இருந்த ஒருத்தரையும் ஞாபகம் இராது. முப்பத்தாறு வருசம் எனக்கு முன்னாலை விறுவிறெண்டு நடந்த மனுசன். ஒருநாள் எனக்காக நிண்டவரே? சாவுக்கும் முந்திக்கொண்டு போயிட்டார். நான் வருமட்டும் அந்தக் கதிரையிலை இருக்கட்டும்."

வேதத்தின்படி பார்த்தால், சொந்தப் புருசனை மோட்சத்துக்குப் போகவிடாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் மறித்து வைக்கப் பார்க்கிறாள். அதை அவளுக்கு விளங்கப்படுத்த நேரம் இல்லை. சுவாமி "கிம் டோங் சிக்" என்று உருக்கமாக வாசித்துவிட்டார். முன்வரிசையில் ஒரு அம்மா, ஒரு கொரியக் குடும்பமே விபத்தில் போய்விட்டது என்று நினைத்து மூக்கைச் சிந்தினாள். நான் ஓரப் பாதையால் ஓடினேன். அறுபத்தெட்டு வயதில், முழங்கால் தேய்ந்தவன் ஓடுகிற ஓட்டம் எப்படியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒலிபெருக்கிப் பெட்டி சுவாமி நின்ற இடத்துக்கு அருகில் இருந்தது. ஏழாவது பெயர் முடிந்த கையோடு சுவிட்சை அமத்தினேன்.

சுவாமி அதைக் கவனிக்கவில்லை. சத்தம் இல்லாமலே எட்டாவது பெயரையும் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

பூசை முடிந்து வாசலில் றோஸ்மலர் எனக்காக நின்றாள்.

"வாசிச்சவரே?"

"மைக் நிண்டிட்டுது."

"நீங்கள் கிட்டத்தானே நிண்டனீங்கள், அண்ணை. உங்களுக்குக் கேட்டதே?"

"இல்லை. ஒண்டும் கேக்கேல்லை."

"அப்ப இருக்கிறார்" என்று சொல்லி, அருட்பிரகாசம் போனபின் முதல்முறையாக அவள் அழுதாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும்தான் அழுதேன். எனக்கு அந்தப் பெயர் தெளிவாகக் கேட்டிருந்தது.