மூன்றாவது முறை பிரஷர் பார்த்தபோது

கண்டக்டர் வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்காக அரவேணுவிலிருந்து ஊட்டிக்குப் போயிருந்தேன். முதல் முறை பார்த்தபோதே பிரஷர் அதிகம். "பயப்படாதம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார்; இன்னும் ஏறியிருந்தது. கையை இறுக்கிய பட்டை கழுத்தையே இறுக்குவது போலிருந்தது. எழுந்து ஓடினால் வேலை போய்விடும், உட்கார்ந்திருந்தால் அழுதுவிடுவேன்.

"கடைசியா ஒரு தடவை. இப்பவும் ஏறுனா அன்ஃபிட்தான்" என்றார்.

பட்டையைச் சரிசெய்ய வந்த நர்ஸ் காதோரம் கேட்டார். "பீரியட்ஸ் எப்பங்க?"

"நாளைக்கு வரோணுங்க சிஸ்டர். நாலு நாளா சின்ன விஷயத்துக்கும் நெஞ்சு படபடங்குது, அழுகை வருது."

"அதை டாக்டர்கிட்டச் சொல்லுங்க. சில பேருக்கு அந்தப் படபடப்புல பிரஷரும் ஏறும்."

எனக்குப் பின்னால் வரிசையில் ஆறு ஆண்கள் நின்றார்கள். ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே, சார்."

பத்து நாள் கழித்து வரச் சொன்னார். அன்று பிரஷர் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மாதாமாதம் அந்த நாட்களில் என்னை நானே சிடுமூஞ்சி என்று திட்டிக்கொண்டே இருபது வருடம் ஓட்டியிருக்கிறேன். டாக்டர் கேட்காமல் விட்டது ஒரே ஒரு நாள்தான். நான் என்னை ஒரு முறைகூடக் கேட்டதில்லை.