ரிஷிகேசத்துக்குக் கொண்டுபோன தந்தி

ரிஷிகேசம் போய்வந்ததைப் பற்றி எங்கள் ஊர் வாசிகசாலையில் இரண்டு தடவை பேசியிருக்கிறேன். கங்கையின் குளிர், தொங்குபாலம், அதில் போகிறவர்களின் கையில் உள்ளதைப் பறிக்கும் குரங்குகள், யோகாசன வகுப்பு எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சு முடிந்ததும் பாய் விரித்துச் சிரசாசனம் செய்தும் காட்டினேன். இரண்டு தடவையும் என் மனைவி பெண்கள் பக்கத்தில் முதல் வாங்கில் இருந்தாள். அவள் முன்னால் நான் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அவள் இன்று இல்லை. எனக்கு எண்பது கடந்துவிட்டது.

நான் வலிகாமத்தில் எங்கள் ஊர்த் தபாற்கந்தோருக்குப் பொறுப்பாக இருந்தவன். அந்தக் காலத்தில் தந்தி எங்களுக்கு ரெலிபோனில்தான் வரும். பெரிய கந்தோரில் இருந்து ஒருவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் படிவத்தில் எழுதி, மடித்து ஒட்டி, தந்தி கொண்டுபோகிறவரிடம் கொடுப்பேன். மழை, கடையடைப்பு, ஊரடங்கு என்று என்ன வந்தாலும் ஒரு தந்தியையாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் வைத்திருந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

யோகாசனம் என் பைத்தியம். இருபத்தைந்து வயதில் புத்தகம் பார்த்துத் தொடங்கினேன். முறையாக ஒரு குருவிடம், அதுவும் ரிஷிகேசத்தில், படிக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அங்குள்ள ஓர் ஆச்சிரமத்துக்கு மூன்று வருடமாக எழுதி, எண்பத்து மூன்றாம் ஆண்டு வைகாசியில் வரலாம் என்று பதில் வந்தது. மூன்று வாரப் பயிற்சி. லீவு கிடைத்தது, விசா கிடைத்தது. மனைவியும் வருவதாகச் சொன்னாள். அவள் யோகத்துக்காக வரவில்லை, தம்பிக்காக வந்தாள்.

அவளுக்கு உடன்பிறப்பு அந்த ஒரு தம்பிதான். தாய் சின்ன வயதில் போய்விட, அவள்தான் அவனை வளர்த்தாள். அவன் மலைநாட்டில், பதுளையில் கடை வைத்து, அங்கேயே கலியாணமும் முடித்திருந்தான். இரண்டு வருடமாக அவனுக்குச் சிறுநீரக வருத்தம். கங்கையில் முழுகி அவன் பேரில் விளக்கு விடுகிறேன் என்று இவள் நேர்ந்திருந்தாள்.

நாங்கள் வெளிக்கிட இருந்தது ஒரு வியாழக்கிழமை. புதன் காலை ஒன்பது மணிபோல ரெலிபோன் அடித்தது.

"துக்கச் செய்தி ஐயா, எழுதுங்கோ" என்றார் அந்தப் பக்கத்தில் இருந்தவர்.

எழுதிக்கொண்டு போனேன். பாதியில்தான் பெயர் எனக்கு உறைத்தது. தம்பி அன்று காலை காலமாகிவிட்டான், வெள்ளிக்கிழமை தகனம், அக்காவை உடனே கூட்டி வரவும், மற்றவர்களுக்கும் அறிவிக்கவும் என்று அவன் மனைவி அடித்திருந்தாள்.

படிவத்தை மடித்தேன். வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்ற தந்தி கொண்டுபோகிறவர் எட்டிப் பார்த்தார்.

"பெல் அடிச்சுது. எங்கையேன் போகவேணுமோ ஐயா?"

"இல்லை அண்ணை, லைன் சோதிச்சுப் பாக்கினம்" என்றேன்.

யோசிக்காமல் வந்த பொய் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மையில், மடித்த அந்தக் கடதாசியைப் பிடித்துக்கொண்டு யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். அன்றிரவு மெயில் ரயிலில் ஏறினால் வியாழன் பின்னேரம் பதுளையில் நிற்கலாம் என்பது எனக்குத் தெரியும். போனால் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அவள் அங்கிருந்து அசையமாட்டாள். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயிலும் இல்லை, தீர்த்தமும் இல்லை. கலியாணம் முடித்துப்போன பெண்ணுக்கு அத்தனை நாள் இல்லை என்று சில ஐயர்மார் சொல்வார்கள். அவளோ முழுநாளும் காக்கிறவள். ஆச்சிரமத்துக்காரர் இன்னொரு வருடம் எனக்கு இடம் தருவார்களோ தெரியாது.

சாத்திரம் வாசித்தவன் என்பதால் எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. தூரத்தில் நடந்த சாவுக்குத் துடக்கு, செய்தி காதில் விழுந்த நேரத்தில்தான் தொடங்கும். கேளாதவருக்கு அது இல்லை. அவள் கேட்கவில்லை என்றால் தாராளமாகக் கங்கையில் முழுகலாம், ஒரு பாவமும் அவளைச் சேராது. இப்படி எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, தந்தியைக் கிழிக்கக் கை வராமல், ஆச்சிரமக் கடிதம் இருந்த உறைக்குள் வைத்தேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது அவள் மிளகாய்த்தூளைப் போத்தலில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு வெளிக்கிடுறம் எண்டு தம்பிக்கு எழுதிப் போட்டியளே?"

"ஓம், அது அப்பவே போட்டாச்சு."

"அங்கை போய்த் தலைகீழா நிக்கேக்கை கவனம். மண்டையிலை உள்ள கொஞ்சமும் கொட்டுப்பட்டுப் போகும்."

நானும் சிரித்தேன்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினோம். அங்கே கோயிலுக்குள் போய் எல்லாத் தீர்த்தத்திலும் முழுகி, ஈரச்சேலையோடு நின்று தம்பிக்காகக் கும்பிட்டாள். பிறகு சென்னை, டெல்லி, வெயிலில் கொதித்த ரயில் பெட்டிகள், அரித்துவாரம், கடைசியாக ஒரு பஸ். ரிஷிகேசத்தில் இறங்கியதும் அவள் என்னைக்கூடப் பாராமல் படித்துறைக்கு நடந்தாள். கோடை நடுவிலும் அந்தத் தண்ணீர் எலும்பைத் தொட்டது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் முழுகி எழுந்து, பல்லுக் கிடுகிடுக்க, "அவனுக்கு இனி ஒண்டும் வராது" என்றாள்.

ஆச்சிரமத்தில் பெண்களுக்கும் தனி வகுப்பு இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன்.

"குனிஞ்சு கூட்டி, நிமிர்ந்து மா இடிச்சு, துலாவிலை தண்ணி அள்ளின உடம்பு இது. இதை இவை எந்தப் பக்கம் வளைக்கப் போயினம்? நீங்கள் போய் வளையுங்கோ."

நான் விடியக் காலையும் பின்னேரமும் வளைந்தேன். அவள் படித்துறைக்குப் போவாள். இலையில் தைத்த சின்னத் தொன்னையில் பூவும் திரியும் வைத்து விற்பார்கள். ஒவ்வொரு பின்னேரமும் ஒன்று வாங்கிக் கொளுத்தி, தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லித் தண்ணீரில் விடுவாள். அது கவிழாமல் ஆற்று வளைவுவரை போனால், அன்றைக்கு அவனுக்குச் சுகம் என்று கணக்கு. கவிழ்ந்தால் இன்னொன்று வாங்குவாள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்து வந்த ஆச்சிரமச் சமையற்காரர் ஒருவர் அவளுக்குச் சிநேகிதமானார். "பாட்டிலில் கங்கை ஜலம் எடுத்துண்டு போங்கோ, தம்பிக்கு நித்தம் ஒரு கரண்டி கொடுங்கோ" என்று மூடி இறுகிய இரண்டு போத்தல்களைத் தேடிக் கொடுத்தார். அவள் அவற்றைச் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினாள்.

வகுப்பின் முடிவில் சவாசனம். மல்லாந்து படுத்து, கைகால்களைத் தளரவிட்டு, பிணம்போலக் கிடக்கவேண்டும். குரு மெல்லிய குரலில், ஆங்கிலத்தில், நெற்றியைத் தளர விடு, தாடையைத் தளர விடு என்று சொல்லிக்கொண்டு வரிசைக்குள் நடப்பார். வீட்டில் அது எனக்கு மிகச் சுலபமாக வந்த ஆசனம். அங்கே கண்ணை மூடினால், பதுளையில் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் வெள்ளைத் துணியோடு அவன் கிடப்பது தெரியும். என் தாடை இறுகிக் கிடந்தது. குரு குனிந்து இரண்டு விரலால் என் கன்னத்தைத் தொட்டு, "எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். பயணக் களைப்பு என்றேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை அந்தத் தந்தியைக் கங்கையில் விட்டுவிடுவது என்று போனேன். கங்கை எல்லாவற்றையும் கொண்டுபோகும் என்று நம்பி வளர்ந்தவன் நான். படியில் குனிந்து தண்ணீரில் வைத்தேன். இரண்டு முழம் போய், கல்லில் ஒட்டிக்கொண்டு நின்றது. என் கையெழுத்து மேலே தெரிந்தது. கைக்கு எட்டாத தூரம். கடைசியில், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காலால் தள்ளினேன். ஒரு சாவுச் செய்தியை, அதுவும் கங்கைக்குள், காலால்.

"என்ன கடதாசி அது?" என்று மேல்படியில் இருந்து மனைவியின் குரல் கேட்டது.

"பழைய ரயில் ரிக்கற்."

"குப்பை போட வேறை இடம் கிடைக்கேல்லையே உங்களுக்கு?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான் சிரசாசனத்தில் ஐந்து நிமிடம் நிற்கப் பழகி முடிக்கும்வரை தள்ளிப்போட்டேன். பிறகு ஊருக்குப் போய்ச் சொல்லலாம் என்று வைத்தேன்.

ஊருக்கு வந்தபோது மச்சாளின் கடிதம் காத்திருந்தது. மச்சாள் என்று நான் சொல்வது தம்பியின் மனைவியை. என் மனைவி அவளை அப்படித்தான் கூப்பிடுவாள், அவளும் என் மனைவியை அப்படித்தான். கடிதத்தை வாசித்த மனைவி நின்ற இடத்திலேயே இருந்துவிட்டாள். திரும்ப ஒரு தடவை வாசித்துவிட்டுக் கேட்டாள்: "தந்தி அடிச்சதெண்டு எழுதியிருக்கிறாளே?"

"லைன் பழுதாக் கிடந்தது. வந்திராது" என்றேன்.

நான் தபாற்கந்தோர்க்காரன். அதற்குமேல் அவள் யாரைக் கேட்பாள்?

பதுளைக்கு வெளிக்கிட இருந்தவளுக்குக் காய்ச்சல் பிடித்தது. காய்ச்சல் விடுவதற்குள் தமிழருக்கு எதிரான ஆடிக் கலவரம் வந்தது. கடை எரிந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய மச்சாள் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். வேறு இடம் அவளுக்கு இல்லை. ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தாள். அவள் என் மனைவியோடு முகம் கொடுத்துக் கதைத்தது குறைவு. ஒரு நாள் குசினியில் சமைத்துக்கொண்டே அவர்கள் கதைத்தது விறாந்தையில் இருந்த எனக்குக் கேட்டது.

"நீங்கள் வருவியள் எண்டு ஒரு நாள் பிந்தி, சனிக்கிழமைதான் எடுத்தனாங்கள் மச்சாள். முகத்தை மூடவேண்டாம், அக்கா வரட்டும் எண்டு நான்தான் மறிச்சனான். பதுளைச் சனம் என்னைப் பாத்துச் சிரிச்சது."

"தந்தி வரேல்லை மச்சாள்."

"தந்தி வராமலோ? உங்கடை மனிசன் தபால் கந்தோரிலை இருக்கேக்கையோ? கங்கைக்குப் போற அந்தரத்திலை எங்களை மறந்திட்டியள். அதைச் சொல்லிவிட்டால் முடிஞ்சுது."

"இவர் எனக்குப் பொய் சொல்லமாட்டார்" என்றாள் என் மனைவி.

நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். எழுந்து ஆறு அடி நடந்தால் குசினி. நான் எழவில்லை.

எண்பத்தைந்தில் மச்சாள் தமிழ்நாட்டுக்கும் பிறகு கனடாவுக்கும் போனாள். வருடப்பிறப்புக்கு வருடப்பிறப்பு என் மனைவி அவளுக்கு எழுதுவாள். நான் முத்திரை ஒட்டிப் போடுவேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது நாங்களும் நடந்து தென்மராட்சிக்குப் போனோம். மீசாலையில் ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டில் கிடைத்தது. அங்கே ஒரு முற்பகல் அவள் சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பீரங்கிச் செல் சத்தம் தூரத்தில் கேட்டது.

"இனி எங்கை எங்கை ஓடுறமோ தெரியாது. எனக்கு ஒரு ஆசைதான் மிச்சம். மச்சாளை ஒருக்கால் கண்டு, தந்தி எனக்கு வரேல்லை எண்டதை அவளை நம்பப் பண்ணிப்போட்டுச் செத்தாற் காணும்" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். பன்னிரண்டு வருடம் சொல்ல முடியாததை, காலால் தள்ளியதையும் சேர்த்து, சொல்ல நாலு வசனம்கூடத் தேவைப்படவில்லை.

அவள் கை நின்றது.

"விளக்கு விட்ட அண்டைக்கும் உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

அவள் சுளகை எடுத்துக்கொண்டு கொட்டிலின் மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டாள். மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள். தான் சாப்பிடவில்லை. பின்னேரம் ஒரு கொப்பித் தாள் ஒற்றையும் பேனாவும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"மச்சாளுக்கு எழுதுங்கோ."

எழுதி வாசித்துக் காட்டினேன். அக்காலத்தில் தந்தி விடயத்தில் நேர்ந்துவிட்ட ஒரு தவறு காரணமாக என்று தொடங்கியிருந்தேன்.

"இது உங்கடை கந்தோர்க் கடிதம். நீங்கள் ஒளிச்சதெண்டு எழுதுங்கோ. ஆச்சிரமத்துக்குப் போறதுக்காக ஒளிச்சதெண்டு எழுதுங்கோ. காலாலை தள்ளினதையும் எழுதுங்கோ."

ஒற்றையின் மற்றப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள். அந்தக் கிழமை கொழும்புக்குப் போக அனுமதி கிடைத்த ஓர் ஆசிரியையிடம் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். கடிதத்தை என்னிடம் தரவில்லை.

அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிய பிறகு பதில் வந்தது, அவள் பெயருக்கு. ஆறு ஒற்றை. அவள் வாசலில் இருந்து வாசித்து முடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இஞ்சை வாங்கோ" என்றாள்.

போனேன்.

"இதிலை இருங்கோ. தம்பியின்ரை கடைசிக் கிழமையை மச்சாள் எழுதியிருக்கிறாள். ஒண்டும் விடாமல் வாசிக்கிறன், கேளுங்கோ."

செவ்வாய்க்கிழமை அவன் தேத்தண்ணி கேட்டதில் தொடங்கினாள். இரண்டு மிடறு குடித்தான், மற்றது வேண்டாம் என்றான். அக்கா வெளிக்கிட்டாவோ, கப்பலோ பிளேனோ என்று கேட்டான். அந்த இடத்தில் நிறுத்தினாள். மிச்சத்தை நான் வாசிக்கக் கையை நீட்டினேன். அவள் கடிதத்தை நெஞ்சோடு ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, விட்ட வரியில் இருந்து மறுபடியும் வாசித்தாள்.