இன்ஜினுக்குப் பொட்டு

எங்கள் லோடு வண்டி அன்று ஓடியது நான் வயரை மாற்றிச் செருகியதாலா, அத்தை டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்ததாலா? மின்னணுவியலில் பட்டம் வாங்கியவள் இப்படிக் கேட்பது அசிங்கம்தான். ஆனாலும் இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

அது பெட்ரோலில் ஓடும் பழைய சின்ன பிக்கப். உர மூட்டை ஏற்ற என் கணவர் வாங்கியது. அவர் சிங்கப்பூர் போன பிறகு மூட்டையைவிட அதிகமாக ஏறியது நானும் என் நாலு வயது மகளும்தான். அவள் பள்ளிக்கூடம் திருவிடைமருதூரில். எங்கள் ஊர் மினி பஸ் நினைத்தால் வரும். வண்டி இருந்தால் நான் நினைத்த நேரத்துக்குப் போவேன். வழியில் நிறுத்தி, யாருக்கும் சொல்லாமல் ஒரு பஜ்ஜிகூடச் சாப்பிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று இருந்தது அந்த ஸ்டியரிங் ஒன்றுதான்.

அந்த வண்டி இரும ஆரம்பித்தது. ஒருநாள் காலை, பாதி ரோட்டில் நெல் காயப் போட்டிருந்த இடமாகப் பார்த்து, நெல் மேலேயே ஏறி நின்றுவிட்டது. பின்னால் பஸ்ஸின் ஹாரன். நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண் இடுப்பில் கை வைத்தார்.

"ஏம்மா, இது நெல்லு காயுற இடமா, உன் வண்டி தூங்குற இடமா?"

"சாரிங்க. இதோ எடுத்துடுறேங்க."

"எப்படி எடுப்ப? தலையில வச்சுத் தூக்கிட்டா போவ?"

மகள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஒரு வண்டிக்கு ஒரு அழுகை போதும் என்று அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அத்தை, அதாவது என் மாமியார், போனில் மகனிடம் சொல்லிவிட்டார். "பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்கிறாடா. அந்தச் சனியன வித்துத் தொல." ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க ஒரு ஆள் வருவதாக முடிவானது. என்னைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. "உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?" என்றார் கணவர். "இல்லைங்க" என்றேன். அந்தக் கேள்விக்கு எனக்கு அந்த ஒரு பதில்தான் பழக்கம்.

பிளக் போயிருக்கும், நாளைக்கு வருகிறேன் என்றார் மெக்கானிக். அவர் சொல்லும் நாளை எந்தக் காலண்டரிலும் கிடையாது. ஆகவே வெள்ளிக்கிழமை நானே உட்கார்ந்தேன். நாலு புது ஸ்பார்க் பிளக், ஒரு பிளக் ஸ்பேனர், போனில் ஒரு வீடியோ. வண்டி ஓடிவிட்டால் விற்க வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமாவது இருக்கும்.

டிரைவர் சீட்டைத் தூக்கினால் கீழே இன்ஜின். ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு வயர். எது எதற்கு என்பது மாறவே கூடாது. ஒன்றைக் கழற்றி மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள் என்றுதான் வீடியோவில் சொன்னார்கள். எனக்கோ நாலையும் ஒன்றாகப் பார்த்தால்தான் நிம்மதி. அடையாளம் போட மார்க்கரைத் தேடினேன். மூடியைத் தொலைத்து மகள் அதைக் காயவைத்திருந்தாள். டேஷ்போர்டில் கோயில் பொட்டலங்கள் கிடந்தன. முதல் வயருக்குக் குங்குமம், இரண்டாவதுக்குச் சந்தனம், மூன்றாவதுக்கு விபூதி. நாலாவதுக்கு ஒன்றுமில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பழைய பிளக்குகள் கரி பிடித்து வடைச்சட்டியின் அடி மாதிரி இருந்தன. புதியவற்றைக் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்கினேன். உடைந்துவிடுமோ என்று தளர்த்தினேன். கழன்றுவிடுமோ என்று மறுபடி இறுக்கினேன். வயர்களைச் செருகுவதுதான் பாக்கி. அப்போது வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா, கழுவி விடு!"

திரும்பி வந்தபோது அத்தை சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். நாலு வயரிலும் ஒன்றுபோல் சந்தனம், அதன் மேல் குங்குமம், சுற்றிலும் விபூதி.

"பூஜை போடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கடைசியில ஒண்ண மூளியா விட்டுட்டுப் போயிருக்க."

"மறந்துட்டேன் அத்தை."

"பரவால்ல. இப்பவாவது தோணுச்சே உனக்கு." அந்த வண்டியின் பக்கத்தில் நின்று அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அது பூஜையில்லை, வெறும் அடையாளம் என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலும் கடைசியும் வயரின் நீளத்திலேயே தெரிந்தன. நடு இரண்டும் ஒரே நீளம். குத்துமதிப்பாகச் செருகிச் சாவியைத் திருப்பினேன். சைலன்சரில் 'டமார்' என்று ஒரு வெடி. அறுத்த வயலில் நின்ற கொக்குகள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. எனக்கு உயிரே போய்விட்டது.

அத்தை கைதட்டினார். "திருஷ்டி வெடிச்சுப் போச்சு பாரு! இரு, எலுமிச்சம்பழம் எடுத்தாரேன்."

அவர் உள்ளே போன இடைவெளியில் நடு வயர்களை மாற்றினேன். இல்லை, முதலில் இருந்ததுதான் சரியோ என்று திருப்பி மாற்றினேன். மறுபடியும் பிடுங்கினேன். செருப்புச் சத்தம் கேட்டதும் கையில் இருந்ததை எதில் செருகினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பழத்தை டயருக்கடியில் வைத்துவிட்டு "எடு" என்றார். எடுத்தேன். வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் பழத்தை நசுக்கிக்கொண்டு போனது.

அன்றே அத்தை போன் போட்டார். "வண்டிய விக்காத. அந்த ஆள வர வேணாம்னு சொல்லு."

"நீதானம்மா வித்துத் தொலைன்ன?"

"அப்ப அதுக்குத் திருஷ்டி இருந்துச்சு."

வண்டி என்னிடமே தங்கியது. ஆனால் அத்தை இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சீட்டைத் தூக்கி, கரைத்த சந்தனத்தை வயர்களுக்கு அப்புகிறார். வயரின் ரப்பர் தொப்பிகள் வெடிப்பு விட்டவை. ஈரம் உள்ளே போகிறது. சனிக்கிழமை வண்டி லேசாக இருமுகிறது. ரகசியமாகத் துடைத்துப் பார்த்தேன்.

"சந்தனம் எங்கம்மா போச்சு?"

"இன்ஜின் சூட்டுல காஞ்சு உதிர்ந்திருக்கும் அத்தை."

"அப்படியா? இனிமே நல்லா நிறைய வைக்கிறேன்."

உண்மையைச் சொன்னால் பூஜை பொய்யாகும், வண்டி மறுபடி சனியனாகும், விற்றுவிடுவார்கள். சொல்லாவிட்டால் இன்னொரு நாள் குழந்தையோடு யாருடைய நெல் மேலாவது நிற்பேன். சாமிக்கு வைத்ததைத் துடைப்பது பாவமோ என்ற பயம் வேறு. வாசிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள், குறிப்பாக மாமியாரோடு இருக்கும் மருமகள்கள், சொல்லுங்கள்: அவர் மனம் கோணாமல் அந்தச் சந்தனத்தை வண்டியில் வேறு எந்த இடத்துக்கு மாற்றலாம்? வரும் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.